ஜெர்மானியரின் வாளும் நாமக்கல் மேடை மணியும்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக இருக்க வேண்டாம். நடுவர்களை வசப்படுத்தும் வித்தை எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை உங்களிடம் காட்ட எனக்கு விருப்பமில்லை. சொல்வதைக் கேட்டு, கேட்டதை நினைவில் வைத்திருங்கள், அது போதும். நாமக்கல்லில் ஒரு கல்லூரி அரங்கில் ஒரு பெண் உண்மை சொன்னாள். நான் அதை மறுத்தேன். அரங்கம் என் பக்கம் நின்றது. என் மறுப்பு பொய் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு என்ன செய்தேன் என்பதற்குத்தான் உங்கள் சாட்சியம் தேவைப்படுகிறது.

நான் குமாரபாளையத்துக்காரன். எங்கள் வீட்டின் பின்புறம் எட்டு விசைத்தறிகள் ஓடும் பட்டறை இருக்கிறது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்த ஓசைக்குள் வளர்ந்தவன். ஏழாம் வகுப்பில் முதன்முதலாக மேடையேறினேன்; கல்லூரிப் படிப்பை முடிப்பதற்குள் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாத பேச்சு மேடை இல்லை என்றாகிவிட்டது. என் குரலைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்து அடக்கம் பேசினால் சாட்சியை ஏமாற்றியவன் ஆவேன். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசையைத் தொடுகிற குரல் அது.

அந்தக் குரலைப் பட்டறையில்தான் பழக்கினேன். எட்டுத் தறியும் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு முனையில் நின்று பேசுவேன். மறுமுனையில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும் அம்மாவுக்கு அது கேட்க வேண்டும். கேட்டால் அவர் கையைத் தூக்குவார். தறிக்காரர்கள் அனைவரும் உதட்டசைவைப் பார்த்தே பேச்சை அறிந்துகொள்கிறவர்கள். ஆகவே பேச்சு முடியும்வரை அம்மா எனக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட விதி.

"கேக்குது சாமி, பவானி வரைக்கும் கேக்குது," என்பார் அம்மா, தறியை நிறுத்திவிட்டு. "ஆத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆளுக வந்து, ஏனுங்க உங்க ஊட்டுல சண்டையான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

சென்ற ஆண்டு ஓர் இலக்கிய அமைப்பு இளம் பேச்சாளர்களுக்கென்று ஒரு போட்டி அறிவித்தது. உலகின் பெரிய கலைஞர்களுடைய பெயர்களைச் சீட்டில் எழுதி எவர்சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். யார் கையில் எந்தச் சீட்டு வருகிறதோ அந்தக் கலைஞரைப் பற்றி இரண்டு சுற்றுகளில் பேச வேண்டும். நாமக்கல்லில் நடக்கும் முதல் சுற்றில் அவருடைய வாழ்க்கை; சேலத்தில் நடக்கும் இறுதிச் சுற்றில் அவருடைய பணி. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம். நேரத்தை மீறினால் மதிப்பெண் குறையும்.

என் கையில் வந்த சீட்டில் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு ஜெர்மானியரின் பெயர் இருந்தது. இசையமைப்பாளர், இசைக் கோட்பாட்டாளர் என்று அடியில் குறிப்பு. அந்தப் பெயரை உச்சரிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. போட்டிகளுக்கெல்லாம் என்னைப் பைக்கில் ஏற்றிச் செல்லும் நண்பன் ஒருவன் உண்டு. திருச்செங்கோட்டுக்காரன், போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். என் பேச்சில் எந்த இடத்தில் கைதட்டல் விழ வேண்டுமோ அந்த இடத்தில் கடைசி வரிசையிலிருந்து அதை ஆரம்பித்து வைப்பது அவனுடைய பொறுப்பு. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் கும்பிட்டான்.

"ஏனுங்க பேச்சாளரே, ஜெர்மனிக்கு எப்பங்க பயணம்? இந்த ஆளப் பத்திப் பேசினா நான் எங்கடா கை தட்டறது?"

எனக்கும் அதே ஐயம்தான். ஆனால் தேடத் தேட ஐயம் விலகியது. நூலகத்தில் இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் கிடைத்தன. மிச்சத்தைக் கைபேசியில் படித்தேன். வட ஜெர்மனியின் ஒரு துறைமுக நகரத்தில், வரி வசூலிக்கும் அலுவலர் ஒருவருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே இசை நாடக மேடையில் பாடியவர். பாடினார், இசையமைத்தார், கருவிகள் வாசித்தார். ஆங்கிலத் தூதருக்குச் செயலாளராக வேலை பார்த்தார். பேராலயத்தின் இசை இயக்குநராக இருந்தார். இவ்வளவுக்கும் நடுவில் புத்தகத்துக்கு மேல் புத்தகம் எழுதித் தள்ளினார். எழுதிய புத்தகங்களில் பாதி சண்டை. யாராவது இசையைக் கணக்குப் பாடமாக்கினால் அவருக்குப் பொறுக்காது. இசைக்கு நீதிபதி காதுதான், அளவுகோலும் எண்ணும் அந்த நீதிமன்றத்தின் சிப்பந்திகள் மட்டுமே என்பது அவர் ஆயுள் முழுக்க நடத்திய வழக்கு.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. ஒரு பாட்டு, ஒரு மேடைப்பேச்சைப் போலத்தான் கட்டப்பட வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். தொடக்கம், எடுத்துரைப்பு, கருத்தை முன்வைத்தல், அதை உறுதிசெய்தல், எதிர்ப்பை மறுத்தல், முடிப்பு என்று நாங்கள் பேச்சுப் பயிற்சியில் படிக்கும் அதே உறுப்புகளை அவர் மெட்டுக்குள் தேடிக் கண்டுபிடிக்கிறார். மறுப்புரை என்பது பாட்டில் எங்கே வரும்? இணங்காத ஒரு சுரம் குறுக்கே வந்து மோதும் இடத்தில். அதைத் தவிர்த்து ஓடாமல், எதிர்கொண்டு, இசைய வைத்து, மெட்டு வீடு திரும்ப வேண்டும். இதைப் படித்த அன்று நண்பனை அழைத்து, "நம்ம ஆளுடா இவர்," என்று கத்தினேன்.

வாழ்க்கைச் சுற்றுக்கு நான் தேர்ந்தெடுத்த உச்சம் ஒரு வாள் சண்டை. அவருக்கு இருபத்து மூன்று வயது. தாம் இசையமைத்த நாடகத்தில் தாமே நாயகனாக நடித்துப் பாடுகிறார். பின்னாளில் உலகமே கொண்டாடப்போகும் இன்னொரு இளைஞர், அவருடைய நண்பர், கீழே விசைப்பலகை இசைக்கருவியின் முன் அமர்ந்து இசையை நடத்துகிறார். நாடகம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே நாயகன் மேடையில் இறந்துவிடுகிறான். இறந்த நாயகன் வேகமாக இறங்கி வந்து, மிச்சத்தை நான் நடத்துகிறேன், இருக்கையை விடு என்கிறார். நண்பர் எழ மறுக்கிறார். பேச்சு முற்றி, வாசலுக்கு வந்து, சந்தைத் திடலில் கூட்டத்தின் நடுவே வாளை உருவிக்கொள்கிறார்கள். நம் ஜெர்மானியரின் வாள் நண்பரின் மார்பை நோக்கிப் பாய்ந்து, அங்கியின் உலோகப் பொத்தானில் பட்டு உடைகிறது. ஒரு பொத்தான் இல்லையென்றால் உலகம் எதை இழந்திருக்கும்! அந்த இடத்தில்தான் கைதட்டல் விழ வேண்டும் என்று நண்பனிடம் சொல்லி வைத்தேன்.

நாமக்கல்லில் அது விழுந்தது. விழுந்து, உருண்டு, அரங்கம் முழுவதும் ஓடியது. அந்தக் கைதட்டலின் அலையில் ஏறி நின்று இன்னும் பேசினேன். அந்த மாதமே இருவரும் சமாதானமாகி ஒன்றாக விருந்துண்டதைச் சொன்னேன். நண்பரின் புதிய இசை நாடகத்தில் இவரே முதன்மைப் பாத்திரம் ஏற்றுப் பாடியதையும் சொன்னேன். முடித்துக் கும்பிட்டபோது தலைமை நடுவர் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்தார்.

"தம்பி, உங்க நேரம் முடிஞ்சு ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. மணி அடிச்சிருப்பாங்களே, நீங்க நிறுத்தலையே?"

"மணி அடிக்கப்படவில்லை, ஐயா," என்றேன்.

மேடையின் ஓரத்தில் ஒரு சிறு மேசை. அதன் பின்னால் அந்தக் கல்லூரியின் மாணவி ஒருத்தி கைக்கடிகாரமும் பித்தளை மணியுமாக உட்கார்ந்திருந்தாள். நேரம் பார்ப்பது அவள் பொறுப்பு. எழுந்து நின்றாள்.

"அடிச்சேனுங்க. முடியறதுக்கு ஒரு நிமிசம் முன்னால ஒண்ணு, முடிஞ்சப்ப ஒண்ணு. ரெண்டு தடவ அடிச்சேனுங்க."

எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்காத ஓசை எழுந்திருக்க முடியாது என்று நம்புகிற அளவுக்குக் கர்வத்தோடு நான் அன்று இருந்தேன். அரங்கை நோக்கித் திரும்பினேன்.

"அவையோரே, வழக்கை உங்களிடமே விடுகிறேன். மணியோசையைத் தம் காதால் கேட்டவர்கள் கை உயர்த்துங்கள்."

முன்வரிசையில் நான்கு கைகள் எழுந்தன. மற்றவர்கள் எழுப்பவில்லை என்பதைக் கண்டு அவற்றில் ஒன்று இறங்கியது. பின்வரிசைகளில் என் நண்பனும் அவன் சேர்த்து வைத்திருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். இப்போது எண்ணிப் பார்த்தால் அது புரியாத காரியம் இல்லை. இரண்டாவது மணி கைதட்டலுக்குள் மூழ்கியிருக்கும். முதல் மணியைக் கேட்டவர்களுக்கோ, சற்று முன்புதான் யாருக்காகக் கை தட்டினார்களோ அவனுக்கு எதிராக அதே கையைத் தூக்க மனம் வந்திருக்காது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"மணியைக் கையில் வைத்திருப்பது ஒரு வேலை, அதை அடிப்பது இன்னொரு வேலை, சகோதரி," என்றேன்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "ஊமை மணி!" என்றது. அந்தப் பெண் மணியை எடுத்து மேசையின் நடுவில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். நடுவர்கள் தமக்குள் பேசி, மணி அடித்தது உறுதியாகாததால் மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை என்று அறிவித்தார்கள். அந்தச் சுற்றில் முதலிடம் எனக்கு வந்தது.

இறுதிச் சுற்றுக்கு மூன்று வாரம் இருந்தது. பணியைப் பற்றிப் பேச வேண்டும் என்பதால் அவருடைய பெரிய புத்தகத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஓர் இசைத் தலைவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எல்லாவற்றையும் ஒரே நூலில் திரட்டிய பெரும் படைப்பு அது. உவகையில் மனம் விரிகிறது, ஆகவே மெட்டு அகன்று தாவ வேண்டும். துயரில் மனம் சுருங்குகிறது, ஆகவே மெட்டு நெருங்கி நகர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். அந்த நூலை அவர் எந்த நிலையில் எழுதினார் என்று தேடியபோது ஒரு வரி என்னைத் தடுத்தது. காது மந்தமாகிக்கொண்டே வந்ததால் பேராலயப் பதவியை அவர் விட வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் செவிப்புலன் முற்றிலும் போனது. அந்தப் பெரும் நூல் அதற்குப் பிறகு வந்தது. காதே நீதிபதி என்று வாதாடியவர், நீதிபதி இல்லாத நீதிமன்றத்தில் நின்று தம் வழக்கின் மிக நீண்ட பகுதியைப் பேசியிருக்கிறார்.

உடனே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நல்ல இடம், அரங்கம் உருகும் என்று ஓரத்தில் குறித்தேன். அந்தக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுடுகிறது.

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக எங்கள் ஊரில் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று தெருவில் ஒரு தறியும் ஓடாது. அந்த நாளில் முழுப் பேச்சையும் நேரம் வைத்துப் பயிற்சி செய்ய முடிவு செய்தேன். பூசைச் சாமான் கடையில் ஒரு சிறு பித்தளை மணியை வாங்கிக்கொண்டு நண்பன் வந்தான். பட்டறையின் மறுமுனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். நான் பேசினேன். முடித்தபோது அவன் மணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"ஏன்டா மொறைக்கற?"

"பதினாலு நிமிசம் பேசியிருக்க."

"அப்ப மணி அடிக்க வேண்டியதுதான?"

"அடிச்சேன்டா. ரெண்டு தடவ."

"வெளையாடாத."

"நான் ஏன்டா வெளையாடறேன்? கரண்டே இல்ல, காக்கா கத்தினாக்கூட கேக்குது. மணி கேக்கலைங்கற."

முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவனை அடிக்கச் சொன்னேன். பேசாமல் நின்றபோது தொலைவில் யாரோ டம்ளரைத் தட்டியதுபோல் ஏதோ ஒன்று கேட்டது. அவன் மீண்டும் மீண்டும் அடிக்க, நான் வாயைத் திறந்து பேசத் தொடங்கினேன். அந்தத் தட்டல் அடியோடு மறைந்தது. என் குரல் மட்டும் இருந்தது.

அம்மா வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கா ரெண்டு பேரும் இந்த முழி முழிக்கறீங்க? குக்கர் விசில எண்ணுடான்னு சொன்னா என்னைக்காவது சரியா எண்ணியிருக்கயா சாமி? மூணுன்னு சொல்லுவ, அஞ்சு வந்திருக்கும். பருப்பு கொழஞ்சு கெடக்கும்."

"கவனிக்கலைன்னு நெனச்சேம்மா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். எனக்கு அம்பது வயசுல வந்த காது மந்தம் உனக்கு இப்பவேயா வரும்னு நெனச்சேன்," என்றார். ஓடாத தறியின் மேல் இருந்த பஞ்சைக் கையால் துடைத்தார்.

ஈரோட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, ஓசை கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தாழ்ந்த ஓசைகளுக்கெல்லாம் உடனுக்குடன் அழுத்தினேன். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. சோதனை முடிந்தது போலும் என்று நினைத்து வெளியே பார்த்தேன். சோதித்த அம்மையார் என்னைப் பார்த்துக்கொண்டே ஓசையை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். அச்சடித்துத் தந்த தாளில் நேராக வந்த கோடு, உயர்ந்த ஓசைகளைக் காட்டும் வலப்பக்கத்தில் பள்ளத்தில் இறங்கியிருந்தது.

"தறி ஊடுங்களா?"

"எப்படிங்க தெரியும்?"

"குமாரபாளையம்னு எழுதியிருக்கீங்க. எழுதலைன்னாலும் கோட்டப் பாத்தா தெரியுமுங்க. மனுசர் பேசறது உங்களுக்கு நல்லாவே கேக்கும். சன்னமான சத்தந்தான் போயிருச்சு. போனது வராதுங்க, இருக்கறதக் காப்பாத்திக்கலாம். பட்டறைக்குப் போறப்ப காதுக்கு அடைப்பான் வெச்சுக்கோணும்."

"மேசை மேல வெச்சு அடிக்கற மணிங்க?"

"அதெல்லாந்தான் மொதல்ல போகுமுங்க," என்றார்.

என் குரலை எது வளர்த்தது என்று பத்து ஆண்டுகளாகப் பெருமையோடு சொல்லி வந்தேனோ அதுவே என் காதைத் தின்றிருக்கிறது. ஆனால் அந்த நிமிடம் என் நெஞ்சில் இருந்தது என் காது இல்லை. நாமக்கல் மேடை ஓரத்தில் எழுந்து நின்று, ரெண்டு தடவ அடிச்சேனுங்க, என்று சொன்ன குரல். அது எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டிருந்தது.

திரும்பி வரும்போது பவானியில் டீக்கடை ஓரமாக நண்பன் பைக்கை நிறுத்தினான். நான் சொல்லப்போவதை அவன் முன்கூட்டியே அறிந்திருந்தான்.

"மாப்ள, நீ வேணும்னு சொன்னியா? இல்ல. காது கேக்கல, சொன்ன. அவ்ளோதான்."

"அவங்க சொன்னது நெசம். நான் சொன்னது பொய்."

"சரி, பொய்யின்னே வெச்சுக்க. இறுதிச் சுத்த முடி, கப்ப வாங்கு, அப்புறம் அந்தப் புள்ளைகிட்ட போய் தனியா மன்னிப்புக் கேளு. நானே கூட்டிட்டுப் போறேன்."

"தனியாவா அவங்களப் பேசினேன்?"

"இப்ப சொன்னா உன்னைத் தூக்கீருவாங்கடா. அந்த ரெண்டு நிமிசத்துக்கு மார்க்கு கொறச்சிருந்தா நீ நாலாவது எடம். மூணு பேருதான் சேலத்துக்கு."

அதுவும் எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்கிறேன், சாட்சியே: அவன் கட்சிக்கு என்னிடமே நல்ல வாதங்கள் இருந்தன. வேண்டுமென்று செய்யாததற்குத் தண்டனை ஏன் என்றது ஒரு வாதம். காது போன கலைஞனைப் பற்றிக் காது போகும் ஒருவன் பேசுவதைவிடச் சிறந்த பேச்சு அந்த மேடைக்கு எப்போது கிடைக்கும் என்றது இன்னொன்று. அது மிக அழகான வாதம். என் மந்தமான காதையும் நான் மேடையில் மதிப்பெண்ணாக மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் அந்த வாதம் என்னை விடவில்லை.

அதை உடைத்தவர் ஜெர்மானியர்தான். வயதான காலத்தில் அவர் இசைக் கலைஞர்களின் வாழ்க்கைகளைத் திரட்டி ஒரு நூல் வெளியிட்டார். உங்கள் வாழ்க்கையை நீங்களே எழுதி அனுப்புங்கள் என்று பலருக்கும் கடிதம் போட்டார். சிலர் அனுப்பினார்கள். அந்தப் பழைய நண்பர் அனுப்பவே இல்லை. அவருக்கும் சேர்த்து இவரே எழுதினார். வாள் சண்டையைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதெல்லாம் இவர் எழுதி வைத்ததால்தான். தம்மைச் சற்று உயர்த்தியே எழுதிக்கொண்டார் என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனால் வாளை முதலில் யார் நீட்டினார்கள், எது உடைந்தது என்பதெல்லாம் அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிய வந்திராது; அந்த மனிதர் சொல்லிவிட்டார். நாமக்கல் மேடையில் நான் அந்தச் சண்டையை எவ்வளவு சுவையாகச் சொன்னேன்! பொத்தானுக்குக் கைதட்டல் வாங்கினேன். அவர் சண்டையிட்டது ஓர் இருக்கைக்காக, நான் சண்டையிட்டது இரண்டு நிமிடத்துக்காக என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு எதிரே வாள் ஏந்திய ஒருவர் நின்றார். எனக்கு எதிரே ஒரு பெண் மணியோடு நின்றாள்.

இறுதிச் சுற்று சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலைப்பாதை ஏறும் இடத்துக்கு அருகே ஒரு மண்டபத்தில் நடந்தது. என் பெயர் அழைக்கப்பட்டது. மேடையேறி, வணக்கம் சொல்லி, மனப்பாடமாக இருந்த முதல் பத்தியை விட்டுவிட்டுப் பேசினேன்.

"நடுவர் பெருமக்களே, நாமக்கல் சுற்றில் நேரம் மீறினேன். மணி அடிக்கப்படவில்லை என்று வாதிட்டேன். மணி இரண்டு முறை அடிக்கப்பட்டது. விசைத்தறிப் பட்டறையில் வளர்ந்ததால் மெல்லிய உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் திறனை நான் இழந்திருக்கிறேன். அதற்கான சோதனைத் தாள் இதோ. எனக்குக் கேட்காததை நடக்காதது என்று சொன்னேன். நேரம் பார்த்த மாணவி சொன்னதே உண்மை. என் மதிப்பெண்ணைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

யாரும் கை தட்டவில்லை. என் நண்பனும் தட்டவில்லை. அவன் தலையைக் குனிந்திருந்தான். நடுவர்கள் நெருங்கி அமர்ந்து பேசினார்கள். தலைமை நடுவர் தாளை வாங்கிப் பார்த்து, மடித்து, திருப்பித் தந்தார்.

"மதிப்பெண்ணைத் திருத்தினால் நீங்கள் இந்தச் சுற்றுக்கே வந்திருக்க முடியாது, தம்பி. விதி அப்படி. சொன்னதற்கு நன்றி. இறங்கலாம்," என்றார்.

இறங்கினேன். பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடங்கும்படி செதுக்கி வைத்திருந்த பேச்சு என்னோடு இறங்கியது. ஆலயப் பாடல்களுக்குப் பெண் குரல்களைக் கொண்டுவந்ததற்காக அவர் பட்ட எதிர்ப்பும், தம் இறுதிச் சடங்குக்கான இசையைக் காது கேளாமல் எண்பதை நெருங்கிய வயதில் தாமே எழுதி வைத்ததும் அந்தப் பேச்சில் இருந்தன. அவற்றை இன்னும் எந்த மேடையிலும் சொல்லவில்லை.

மண்டபத்தின் பின்புறம் மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்று மேசையை நெருங்கியபோதுதான் கவனித்தேன்: பொட்டலம் நீட்டிய கை அவளுடையது.

"தக்காளி சாதமுங்களா, தயிர் சாதமுங்களா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நாந்தானுங்க. ஊமை மணி," என்றாள். "அமைப்புக்காரங்க இங்கயும் தொண்டுக்குக் கூப்பிட்டாங்க. ஆனா நாமக்கல்லுக்கு அப்புறம் என்னைய மணிகிட்ட உடறதில்லீங்க. சாப்பாட்டுப் பக்கம் போட்டுட்டாங்க."

"உள்ளே நான் பேசினது கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க. எனக்குத்தான் காது நல்லா இருக்குதே."

வரிசையில் நின்ற இருவர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுத்துக்கொண்டே பேசினாள்.

"நெசத்தச் சொன்னீங்க, சரிங்க. ஆனா இங்க இருக்கறவங்க யாருக்கும் என்னையத் தெரியாதுங்க. நீங்க கையத் தூக்கச் சொன்னது நாமக்கல்லுல. சிரிச்சவங்களும் அங்கதான் இருக்காங்க. நான் மோகனூர்ல இருந்து பஸ்ல போய் எறங்கினா, ஸ்டாப்புலயே, ஊமை மணி வந்துட்டா, காலேஜு தொறந்துரலாம்ங்கறாங்க."

"மன்னிச்சுக்..."

"இருங்க, முடிக்கலீங்க. வார வெள்ளிக்கெழம எங்க ஆண்டு விழா. நாந்தான் தொகுத்துப் பேசறதா இருந்துச்சு. மூணு வருசமா கேட்டுக் கேட்டு இந்த வருசந்தான் குடுத்தாங்க. இப்ப வேற புள்ளைக்கு மாத்தீட்டாங்க. மணியே அடிக்கத் தெரியாதவ மைக்க எப்படிப் புடிப்பான்னு கேக்கறாங்க. அதுக்கு நீங்க இங்க பேசினது போதுமுங்களா?"

"போதாதுங்க."

"அப்ப என்ன பண்றீங்க?"

நான் நிமிர்ந்து நின்று தொண்டையைச் சரிசெய்தேன். "இன்று இந்த இடத்தில் உறுதி கூறுகிறேன்," என்று தொடங்கினேன்.

"மேடைப் பேச்சு வேண்டாமுங்க," என்றாள் அவள். "ஊட்டுல பேசற மாதிரி சொல்லுங்க. இங்க இருக்கற எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் நண்பன் மண்டபத்தின் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் வேலையை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். தறி முழு வேகத்தில் ஓடும்போது பேசுகிற குரலில், உரக்கச் சொன்னேன்.

"திங்கக்கெழம காலைல உங்க காலேஜுக்கு வாரேனுங்க. பிரின்சிபால்கிட்ட நானே அனுமதி கேக்கறேன். அதே ஹால்ல, அதே மைக்குக்கு முன்னால நின்னு, இவங்க ரெண்டு தடவ மணி அடிச்சாங்க, கேக்காதது என்னோட காதுதான்னு சொல்றேன். கடைசி பெஞ்சுல ஒருத்தர் கேக்கலைன்னாலும் மறுபடியும் மொதல்ல இருந்து சொல்றேன். ஆண்டு விழா மைக்கு உங்க கைக்குத் திரும்பி வர்ற வரைக்கும் நான் எந்த மேடையும் ஏற மாட்டேனுங்க."